நான் திருத்தி அனுப்பிய கடிதம்

ஜேர்மனிக்கு வந்த முதல் இரண்டு வருடமும் என்னிடம் யாரும், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதில்லை. எந்த வழியால் வந்தீர்கள், கூட்டி வந்தது யார், கடவுச்சீட்டு எங்கே, ஏன் கொழும்பிலேயே இருந்திருக்கக் கூடாது என்று கேட்டார்கள். அதே கேள்விகளை வேறு வேறு மேசைகளில் வேறு வேறு ஆட்கள் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன் என்று நான் விசாரணையில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் சொல்லி முடித்தார். அதிகாரி அந்தச் சொல்லையாவது எழுதினாரா என்று எட்டிப் பார்த்தேன். அவர் பேனையை மூடி வைத்திருந்தார்.

எங்களை விட்டிருந்தது பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளிய ஒரு சின்ன ஊரில். கிட்டத்தான், ஆனால் அந்த ரயிலில் ஏறுவதற்கு அரசாங்கக் கந்தோரில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டவர்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. வேலை செய்யவும் கூடாது. பழைய விடுதி ஒன்றின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அந்தக் கட்டடத்தை எல்லோரும் ஹைம் என்பார்கள். ஆறு குடும்பத்துக்கு ஒரு குசினி. என் கணவர் ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே காலையில் எழும்பி, சவரம் செய்து, சேர்ட்டை உள்ளே விட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா இருப்பதைத்தான் எங்களுக்கு வேலையாகத் தந்திருந்தார்கள்.

வியாழக்கிழமைகளில் தேவாலயத்துப் பெண்கள் சிலர் வந்து எங்களுக்கு ஜேர்மன் சொல்லித் தருவார்கள். அவர்களில் ஒருவர் அறுபது வயது கடந்த கைம்பெண், தபால்கந்தோரில் முப்பது வருடம் முத்திரை விற்று ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் அவருக்குத் தபால்கந்தோர் அம்மா என்றே பெயர். எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் ஒரு நாள் பாடம் முடிந்த பிறகு அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"நீங்கள் ஆங்கிலம் வாசிப்பீர்களா?"

வாசிப்பீர்களாவாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வாசிப்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பெண்பிள்ளையின் படம் காந்தத்தால் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு வயது இருக்கும். நீலச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, மூச்சு விடாதே என்று யாரோ சொன்னது மாதிரி நிமிர்ந்து நின்றாள். கென்யாவில் ஒரு கிராமத்துப் பிள்ளை. தேவாலய அமைப்பு ஒன்றின் மூலம் அம்மா அவளைப் படிப்பிக்கிறார். பள்ளிக்கூடக் கட்டணம், சீருடை, கொப்பி எல்லாம் இவருடைய செலவு. அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளைத் தன்னுடைய ஞானப்பிள்ளை என்றுதான் சொன்னார், கழுத்துப்பட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி அந்தப் படத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

பிள்ளை வருடத்தில் மூன்று நான்கு கடிதம் போடுவாள், ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இவ்வளவு காலமும் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாணவி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதால் இரண்டு கடிதங்கள் வாசிக்காமல் மேசை லாச்சிக்குள் கிடந்தன. அம்மா அவற்றை எடுத்து என் முன்னால் வைத்தார். கூடவே ஒரு தடித்த அகராதி, கோப்பி, பிளம்ஸ் கேக்.

அந்தக் கடிதங்களை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். ஆற்றில் தண்ணீர் ஏறிப் பாலத்தைக் காணவில்லையாம், வாத்தியார் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாராம். கோழி பதினொரு குஞ்சு பொரித்ததாம், இரண்டைப் பருந்து கொண்டுபோனதாம், மூன்றாவதைக் கொண்டுபோனது பருந்து இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்று தாய் நினைக்கிறாராம். கணக்கில் தான் இரண்டாம் பிள்ளையாம், முதலாம் பிள்ளை தலைமையாசிரியரின் மகனாம். அதற்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாள். என்னுடைய அரைகுறை ஜேர்மனில் இதைச் சொல்லி முடிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு அவர் பதில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஹைமுக்குத் திரும்பி நடந்தபோது, சம்பளம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்தேன்.

இப்படி அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானாள். அவள் இன்னும் ஒரு வருடத்தில் ஆரம்பப் பள்ளியை முடிப்பாள், அதன் பிறகு மேலே படிக்க வேண்டும், அவளை ஒரு தாதியாக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கு அவளை ஆசிரியையாக்க வேண்டும். கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். அவள் மேலே படிப்பாளா என்பதுதான் எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே நல்ல யோசனை. மற்ற யோசனை எல்லாம் கந்தோர்க் கடிதங்களைப் பற்றியது.

மார்கழி தொடங்கப் பனி கொட்டியது. என்னிடம் இருந்தது சீலைச் சப்பாத்து ஒரு சோடி. சமூக உதவிக் கந்தோரில் குளிர்காலச் சப்பாத்துக்கு, கடையில் கொடுத்து வாங்குகிற ஒரு துண்டு கேட்டு வரிசையில் நின்றேன். மேசையில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போன மாதம்தானே கோட்டுக்குத் தந்தோம்" என்றார். பிறகு பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து, எனக்கு விளங்காது என்ற தைரியத்தில், "இந்த ஆட்களுக்கு எப்போதும் இன்னும் ஒன்று வேண்டும்" என்றார். எனக்கு நன்றாக விளங்கியது. வியாழக்கிழமைப் பாடங்கள் வீண் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்:

"இனி நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்க மாட்டன்."

"சப்பாத்தில்லாமல் பனிக்குள்ளை என்னெண்டு நடக்கப்போறீர்?"

"நடக்கேல்லை. இங்கையே கிடக்கிறன்."

"உமக்கு விசர். அவன் என்ன தன்ரை வீட்டுக் காசிலையே தாறான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அதே கிழமையில் கென்யாவிலிருந்து அடுத்த கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடக்கவிருந்ததால் அவர் கடிதத்தை என்னிடமே தந்து, ஹைமில் வைத்து ஆறுதலாக எழுத்தில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். பதிலையும் என்னையே எழுதச் சொன்னார். காலைச் சமையல் முடிந்து குசினி காலியானதும் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். நாலு பக்கம், பென்சில் எழுத்து, வரிக்கு வரி பிழை.

இரண்டரை வருடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையின் எழுத்து என் முன்னால் கிடக்கிறது. கை தானாகப் போய்ச் சிவப்புப் பேனையை எடுத்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு மணித்தியாலம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஏழைப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக்காரர் பணம் அனுப்புவார்கள். பள்ளித் தவணைக்கு ஒரு நன்றிக் கடிதம் போக வேண்டும். பிள்ளைகள் முதலில் கொப்பியில் எழுதுவார்கள், நான் சிவப்பு மையால் திருத்துவேன், பிறகு நல்ல தாளில் பார்த்தெழுதித் தருவார்கள். இதற்கென்று அதிபர் அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். படிப்பைப் பற்றி எழுதலாம், மழையைப் பற்றி எழுதலாம், நன்றி கட்டாயம் எழுத வேண்டும். வீட்டுக் கஷ்டம் எழுதக் கூடாது. தருகிறவரிடம் மேலும் கேட்பது மரியாதை இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் வெட்கம். இது எங்கள் ஊரில் யாருக்கும் அநியாயமாகப் படவில்லை. தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிறார் என்று எழுதிய ஒரு பிள்ளையின் தாளைக் கிழித்து, நான் திரும்ப எழுத வைத்திருக்கிறேன். அவள் ஒன்றும் பேசாமல் இருந்து எழுதித் தந்தாள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

கென்யப் பிள்ளையின் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது. அப்பா நடுகைக் காலத்தில் இறந்துவிட்டார். ஆரம்பப் பள்ளி முடிந்ததும் சித்தப்பாவின் வீட்டுக்குப் போய் அவருடைய பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா சொல்கிறார். அது தூரம், அங்கே பள்ளிக்கூடம் இல்லை. என் அம்மா ஒன்றும் சொல்வதில்லை. உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஒரு பெண்பிள்ளை இரவில் தங்கிப் படிக்கக்கூடிய பள்ளிக்கூடம் ஏதாவது இருக்கிறதா? நான் அதிகம் சாப்பிட மாட்டேன்.

வாசித்ததும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். வெட்கம் கலந்த எரிச்சல். இந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லையா? இவ்வளவு செய்கிற மனுசியிடம் இன்னும் ஒன்று கேட்கிறாளே, அந்த அம்மாவும் "இந்த ஆட்களுக்கு எப்போதும்" என்று நினைத்துவிட்டால்? அவளை நான் அந்தப் பேச்சிலிருந்து காப்பாற்றுவதாகவே நினைத்தேன். தகப்பன் இறந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்தது முழுவதையும் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு வெட்டினேன். ஓரத்தில் "தேவையில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசிப் பக்கத்தின் அடியில், இப்படியான கடிதத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று ஐந்தாறு வரியில் விளக்கினேன். "கையெழுத்து அழகு, முயற்சியைத் தொடர்க" என்று போட்டு, பழக்க தோஷத்தில் கையொப்பமும் வைத்தேன்.

திருத்திய தாள்களை அம்மாவின் பதிலோடு அதே உறையில் வைத்தேன், பார்த்துப் படிக்கட்டும் என்று. அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த ஜேர்மன் மொழிபெயர்ப்பில் தகப்பனின் சாவு இருந்தது, சித்தப்பாவும் பள்ளிக்கூடமும் இல்லை. கடிதத்தைத் திருத்தி அனுப்பியதை அம்மாவிடம் மறைக்கவில்லை. கண்ணில் கட்டோடு இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியென்றால் அவளுக்கு இப்போது ஒரு ஆசிரியையும் கிடைத்துவிட்டார்" என்று மகிழ்ந்தார். வெட்டிய பகுதியைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கடிதம் வசந்தத்தில் வந்தது. ஒரே ஒரு பக்கம், மையால் எழுதியது, ஒரு பிழைகூட இல்லை. நான் நலம். மழை நன்றாகப் பெய்கிறது. நாங்கள் கணக்கும் ஆங்கிலமும் படிக்கிறோம். உங்கள் உதவிக்கு நன்றி. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். அதைப் பார்த்து எழுதிக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினேன்.

"பாத்தீங்களே, ஒரு திருத்தத்திலை எப்பிடி முன்னேறிட்டாள்."

அவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நீர் முந்திச் சொன்ன கடிதங்களிலை கோழி எல்லாம் இருந்தது. இதிலை ஒண்டையும் காணேல்லை."

"உங்களுக்கு இங்கிலீசும் சரியாத் தெரியாது, பிள்ளையளையும் தெரியாது. சும்மா இருங்கோ."

அவர் சும்மாதான் இருந்தார். அதில் அவருக்கு நல்ல பயிற்சி.

எண்பத்தேழில் இன்னும் இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் அதே மாதிரி. ஒன்றில் மழை நன்றாகப் பெய்தது, மற்றதில் மழை குறைவு. அம்மா கேள்வி கேட்டு எழுதுவார்: உன் அம்மா எப்படி இருக்கிறார், கோழிக்கு என்ன நடந்தது, அடுத்த வருடம் எந்தப் பள்ளிக்கூடம்? பதிலில் அது ஒன்றும் இராது. எனக்குள் ஏதோ அரித்தது. ஒரு பிள்ளை கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லாமையாலா, வேறு காரணத்தாலா என்பது பதினொரு வருடம் வகுப்பில் நின்றவளுக்கு விளங்க வேண்டும். விளங்காத மாதிரி இருந்தேன். அந்த நேரம் எங்கள் அசூல் விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள், வழக்குப் போட்டிருந்தோம், தலைக்குள் வேறு ஒன்றுக்கும் இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள் போனபோது அம்மா கோப்பி வைக்கவில்லை. மேசையில் அமைப்பிலிருந்து வந்த ஒரு கடிதம் கிடந்தது. அச்சடித்த ஜேர்மன் கடிதம், அதை வாசிக்க நான் தேவைப்படவில்லை. உங்கள் ஆதரவில் இருந்த பிள்ளை வேறு பகுதிக்குப் போய்விட்டதால் திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறாள், விரும்பினால் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் இன்னொரு பிள்ளையை ஏற்கலாம் என்று இருந்தது. ஒரு புதுப் படமும் வைத்திருந்தார்கள்.

"ஏன் அவள் ஒன்றும் சொல்லவில்லை?" என்று அம்மா கேட்டார். "நாங்கள் ஏதாவது பிழையாக எழுதிவிட்டோமா?"

"தெரியவில்லை" என்றேன். ஜேர்மனில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். விசாரணையில்கூட இப்படிச் சொன்னதில்லை.

ஹைமுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வெட்டிய பந்தியைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

"அந்த மனுசிட்டை இதைச் சொல்லப்போறீரே?"

"சொல்லத்தானே வேணும்."

"வழக்குக்கு அவதான் எங்களுக்குக் கடிதம் எழுதித் தாறன் எண்டவ. அது வந்தாப் பிறகு சொல்லும். இப்ப வாயைத் திறக்காதையும்."

அவர் மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் அவர் சொன்னபடிதான் செய்தேன். உண்மையைச் சொல்லாமல் பிள்ளையை மட்டும் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு, அடுத்த கிழமை அம்மாவிடம் போய், "அவளுக்குத் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் எடுக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்ப்போமா?" என்றேன்.

"அதற்கென்ன, கேளுங்கள்" என்றார் அம்மா. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அப்படியும் ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே."

அதற்கென்ன. ஒரு வருடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்குப் போயிருக்க வேண்டிய பதில் அது. அன்று கோட்டைக் கழற்றாமலே இருந்து கடிதத்தை எழுதினேன். அம்மா அறையில் குளிர் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

பதில் வரக் கோடை முடிந்துவிட்டது. காத்திருப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் கந்தோர்க் கடிதத்துக்குக் காத்திருக்கும்போது குற்றம் அவர்களுடையது. இதில் அந்த ஆறுதலும் இல்லை. தபால்காரர் படலையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் அம்மா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும்.

புரட்டாதியில் தலைமையாசிரியரின் கடிதம் வந்தது, தட்டச்சில். அம்மாவின் குசினி மேசையில் வைத்து உறையைப் பிரித்து, ஒவ்வொரு வசனமாக வாசித்து ஜேர்மனில் சொல்லிக்கொண்டு போனேன். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. அந்த மாணவி சென்ற ஆண்டு இறுதியில் சித்தப்பாவின் வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். அங்கே அவளுக்குத் திருமணமும் நடந்துவிட்டது. இனி அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது. அவள் கெட்டிக்காரப் பிள்ளை. தங்கிப் படிக்க உதவி கிடைக்கும் என்று ஒரு தவணை முன்னால் தெரிந்திருந்தால் அவளுடைய தாயோடு பேசியிருப்பேன்.

அம்மா கைக்குட்டையை எடுத்தார். கடிதத்தில் இன்னும் ஒரு பந்தி இருந்தது. என் கண் அதற்குள் ஓடிப் போய்த் திரும்பிவிட்டது. அந்தப் பந்தியை விட்டுவிட்டு, "இப்படிக்கு" என்று முடிக்க எனக்கு நன்றாகத் தெரியும். ஏற்கெனவே செய்து பழகியவள்தானே. அம்மாவின் சிபாரிசுக் கடிதம் இன்னும் என் கைக்கு வரவில்லை. கணவரின் முகமும் வந்து போனது.

வாசித்தேன். "இறுதியாக, தாங்கள் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிய கடிதத்துக்கு எங்கள் விசேட நன்றி. அதை எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். உதவி பெறும் பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்த பிறகே எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் கடிதங்கள் இப்போது மிகவும் ஒழுங்காக இருப்பதாகப் பாராட்டு வருகிறது."

அம்மாவுக்கு இது உடனே பிடிபடவில்லை. "அது நல்ல விஷயம்தானே?" என்றார்.

"இல்லை" என்று சொல்லி, அந்தக் கடிதத்தில் நான் வெட்டியதைச் சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில் அவள் எழுதியபடி சொன்னேன், பிறகு ஜேர்மனில் சொன்னேன். அதிகம் சாப்பிட மாட்டேன் என்ற இடத்தை இரண்டு தரம் சொல்ல வேண்டி வந்தது.

அம்மா எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து, இன்னும் கோப்பி ஊற்றாத கோப்பைகளைக் கழுவினார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

"கேட்பது வெட்கம் என்று நினைத்தேன்."

"யாருக்கு வெட்கம்?"

அந்த நேரம் எனக்கு அம்மா மேலேயே கோபம் வந்தது. ஒரு நாளும் வரிசையில் நின்று சப்பாத்துக் கேட்காதவருக்கு இந்தக் கேள்வி எவ்வளவு சுலபம். பிறகு கந்தோர்க்காரன் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். சித்தப்பன், தலைமையாசிரியர், எங்கள் பழைய அதிபர் அம்மா என்று ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றிப் பார்த்தேன். ஒருவரும் சரிவரவில்லை. கோடு போட்டது நான்.

மூன்று கிழமை அம்மா வியாழக்கிழமைப் பாடத்துக்கு வரவில்லை. நான்காவது கிழமை வந்தார், வழக்கறிஞருக்கான கடிதத்தையும் கொண்டுவந்தார். இவர் பொறுப்பும் அக்கறையும் உள்ள ஆசிரியை, இவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதியிருந்தார். அதை வாசித்தபோது எனக்கு முகம் எரிந்தது. கணவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அம்மா புதுப் பிள்ளையையும் ஏற்றுக்கொண்டார். நான் தலைமையாசிரியருக்கு என்னுடைய பெயரிலேயே எழுதினேன்: அந்தத் தாளைச் சுவரிலிருந்து தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அதில் நான் எழுதியது பிழை, பிள்ளைகள் வீட்டைப் பற்றியும் எழுதலாம், எதையும் கேட்கலாம். பதில் இல்லை. திரும்பவும் எழுதினேன். அதற்கும் இல்லை. ஒழுங்காக நடக்கிற ஒன்றை யாரோ ஒரு பெண் ஏன் குழப்புகிறாள் என்று அவர் நினைத்திருக்கலாம். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது புதுப் பிள்ளையின் முதல் கடிதம் வந்தது. இவளுக்குப் பத்து வயது, முன்பல் ஒன்று இல்லை, படத்தில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பார்த்திருந்தாள். ஒரே பக்கம், மையால் எழுதியது. அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாசித்தேன். நான் நலம். மழை நன்றாகப் பெய்கிறது. நாங்கள் கணக்கும் ஆங்கிலமும் படிக்கிறோம். உங்கள் உதவிக்கு நன்றி.

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா.

"அவ்வளவுதான்."

"வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையா? ஒன்றும் கேட்கவில்லையா?"

"இல்லை."

அம்மா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு எழுத்தும் விளங்காத பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், பிறகு திருப்பி, வெறுமையாக இருந்த மறுபக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.